மரச்சட்டத்தில் நிற்கும் சோலார் பேனல்: ஆட்டம், சத்தம், செல்லரிப்பு, யூனிட் குறைவு – அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுக்க, ஓட்டு வீட்டுக்காரர்களும் மாடியில் இடம் இல்லாதவர்களும் தோட்டத்து ஓரமாக மரச்சட்டம் நட்டுப் பேனல் நிறுத்துகிறார்கள். இரும்பைவிடச் செலவு குறைவு. வெல்டிங் வேண்டாம், உள்ளூர் ஆசாரியே போதும். ஆனால் நட்ட இரண்டாம் வருஷத்திலிருந்து ஏதாவது ஒன்று கிளம்பும். அப்போது மேலே நட்டை முறுக்கிவிட்டு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள்.

பேனலின் பாரம் தாங்காமல் மரச்சட்டம் விழுவது அபூர்வம். கெடுவது இரண்டு இடத்தில்தான்: மரம் மண்ணில் இறங்கும் இடம், மரத்துக்குள் போல்ட் போகும் இடம். மேலே தெரியும் கோளாறு அநேகமாக இந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் வருகிறது. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் குனிந்து காலடியைப் பார்க்கவும்.

## எந்தச் சட்டத்துக்கு இந்த அளவுகள்

540 வாட் பேனல் 4. ஒவ்வொன்றும் 2278 × 1134 மி.மீ., எடை சுமார் 28 கிலோ. தெற்குப் பார்த்து, நெடுக்கு வாட்டில், பக்கம் பக்கமாக. முன்கால் 3, பின்கால் 3, எல்லாம் 4 × 4 அங்குலம். கிழமேலாகக் கால்களுக்கிடையே 6½ அடி, தென்வடலாக 4 அடி. கால்களின் தலைமேல் கிழமேலாக 16 அடிச் சட்டம் 2, 4 × 3 அங்குலம், 4 அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும். சட்டத்தில் ஒட்டு விழுந்தால் அது நடுக்காலின் தலைமேல்தான் வரலாம், இடைவெளியில் வரக்கூடாது.

வேலூரின் அட்சரேகை ஏறக்குறைய 13 பாகை, சாய்வும் அதே 13 பாகை. இதற்குப் பாகைமானி தேடவேண்டாம். ஓர் அடிக்கு 2¾ அங்குலம் ஏற்றம், அதாவது 4 அடிக்கு 11 அங்குலம். முன்கால் தரைக்கு மேல் 2½ அடி என்றால் பின்கால் 3 அடி 5 அங்குலம். இரண்டும் மண்ணுக்குள் 3 அடி. குழி 14 அங்குல அகலம், அடியில் 6 அங்குலம் ஜல்லி, அதன்மேல் 1:2:4 கான்கிரீட் (சிமெண்ட், மணல், ஜல்லி). ஆறு குழிக்கும் சேர்த்து 3 மூட்டை சிமெண்ட் பிடிக்கும்.

காலின் தலையை இருபுறமும் அரை அங்குலம் சீவி 3 அங்குலமாக்கி, மேலே சட்டத்தை உட்காரவைத்து, இருபுறமும் 50 × 5 மி.மீ. ஜி.ஐ. பட்டையை 11 அங்குல நீளத்துக்கு வெட்டிக் கட்டவும். காலில் இரண்டு எம்12 போல்ட், சட்டத்தில் ஒன்று. மொத்தம் 12 பட்டை, 4½ அங்குல போல்ட் 18. காலில் மேல் போல்ட் தலையிலிருந்து 3½ அங்குலம் கீழே இருக்கவேண்டும். அதற்கு மேலே போட்டால் காற்று தூக்கும்போது மரம் நெடுக்காகப் பிளந்துகொள்ளும்.

## கை வைக்கும் முன்

முதலில் இன்வெர்ட்டரின் ஏசி சுவிட்ச், பிறகு டிசி ஐசோலேட்டர் (பேனல் பக்கத்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்). இந்த வரிசை மாறக்கூடாது. பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரை மின்சாரம் ஓடும்போது பிடுங்கினால் டிசி தீப்பொறி அணையாமல் நீளும். நான்கு பேனல் தொடரில் இருந்தால் வெயிலில் கிட்டத்தட்ட 200 வோல்ட் நிற்கும், சுவிட்சை அணைத்தாலும் பேனல் பக்கம் அது போகாது. பேனலைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளாம்ப்பைக் கழற்றும் வேலையைக் காற்றில்லாத காலையில் வைத்துக்கொள்ளவும். கழற்றின பேனலைக் காற்று ஒருமுறை வாங்கினால் இருவர் பிடித்தாலும் நிற்காது.

## காற்றடித்தால் சட்டம் ஆடுகிறது

ஒருவர் பின்காலின் தலையைப் பிடித்துத் தென்வடலாகத் தள்ளவேண்டும், பிறகு கிழமேலாக. இன்னொருவர் கால் மண்ணில் இறங்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஆட்டம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

கான்கிரீட் அசையவில்லை, அதற்குள் கால் மட்டும் ஆடுகிறது என்றால் பச்சை மரம் நட்டிருக்கிறார்கள். மரம் நெடுக்கில் சுருங்காது, குறுக்கில்தான் சுருங்கும். 4 அங்குலக் கால் காய்ந்தால் 3 முதல் 5 மி.மீ. வரை இளைத்துவிடும். அந்த இடுக்கில் கொத்தனார் சிமெண்ட் பால் ஊற்றித் தருவார், வேண்டாம். அது மரத்தைச் சுற்றிக் கிண்ணம் கட்டியதுபோல் ஆகி, தண்ணீர் உள்ளேயே நிற்கும். இடுக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த கெட்டி மரத்தில் ஆப்பு சீவி நான்கு பக்கமும் அடித்து இறுக்கி, மேலே உருக்கிய தார் ஊற்றி மூடவும். இதைச் சித்திரை, வைகாசியில் செய்தால்தான் இடுக்கின் முழு அகலமும் தெரியும்.

கான்கிரீட்டோடு சேர்ந்து கால் ஆடினால் குறை மண்ணில். ஏரிப் பாசன வயல் ஓரத்துக் கரிசலும் களியும் கோடையில் வெடித்து, குழியைச் சுற்றி விரல் நுழையும் அளவு விலகும். மழையில் உப்பித் திரும்ப நெருக்கும். காய்ந்த அதே மண்ணை வாரிப் போட்டு மிதித்தால் அடுத்த மழையோடு சரி. சுற்றிலும் ஓர் அடி அகலம், இரண்டடி ஆழம் தோண்டி, கிராவல் மண்ணை ஈரப்பதமாக 6 அங்குல அடுக்காகக் கொட்டி ஒவ்வோர் அடுக்கையும் கடப்பாரைத் தலையால் இடிக்கவும். செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு. பாறை தட்டும் இடத்தில் வேறு கதை: ஒன்றரை அடியில் பாறை வந்ததும் குழியை அதோடு விட்டிருப்பார்கள். அங்கே பாறையில் 16 மி.மீ. துளை போட்டு 12 மி.மீ. கம்பியைக் கெமிக்கல் ஆங்கர் பசையால் ஊன்றி, அதன்மேல் கான்கிரீட் கட்டவேண்டும். அகலத்தைக் கூட்டி ஈடுகட்டுவதும் முறைதான், சிமெண்ட் மட்டும் அதிகம் போகும்.

கீழே கல் மாதிரி நிற்கிறது, மேலே மட்டும் கிழமேலாக ஆடுகிறது. இதுதான் அதிகம் காண்பது, சரிசெய்வதும் எளிது. முட்டு இல்லை. ஓரக்கால் நான்குக்கும் காலிலிருந்து சட்டத்துக்கு 45 பாகையில் 3 × 2 அங்குல முட்டு கொடுக்கவும். காலின் தலையிலிருந்து 15 அங்குலம் கீழே தொடங்கி, சட்டத்தில் 15 அங்குலம் தள்ளி முடியட்டும். இரண்டு முனையிலும் எம்10 போல்ட். ஆணி அடித்த முட்டு ஒரே ஆடிக்காற்றில் கழன்றுவிடும், ஏனென்றால் ஆணி இழுப்பைத் தாங்காது, முட்டுக்கு வருவதோ பாதி நேரம் இழுப்புதான். தென்வடல் ஆட்டத்துக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மூலைவிட்டச் சட்டம்.

## டக் டக் என்று சத்தம்

வெயில் இறங்கும் நேரத்தில், காற்றே இல்லாமல் அங்கொன்று இங்கொன்றாகச் சொடுக்குகிறதா? அலுமினியச் சட்டகம் சூடு தணிந்து சுருங்கும் சத்தம், விட்டுவிடலாம். பேனலுக்குப் பேனல் 20 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும்.

காற்று வரும்போது மட்டும் தட்டினால் எங்கோ நட் தளர்ந்திருக்கிறது. தளர்ந்த நட்டை முறுக்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து ஊதி இருக்கும். ஐப்பசியில் முறுக்கின நட், சித்திரையில் மரம் காய்ந்ததும் தானாகவே தளர்ந்து நிற்கும். எனவே முழு முறுக்கு கத்திரி வெயில் முடிவதற்குள். புரட்டாசியில் ஒரு சுற்று சரிபார்த்தல் மட்டும் போதும். புதுச் சட்டம் என்றால் முதல் இரண்டு கோடையும் தவறாமல் செய்யவேண்டும்.

முறுக்கும்போது வாஷர் மரத்துக்குள் புதைகிறதா பாருங்கள். புதைந்தால் வாஷர் சிறியது. 50 × 50 × 3 மி.மீ. ஜி.ஐ. தகட்டில் 14 மி.மீ. துளை போட்டு வாஷராக்கவும், லேத் பட்டறையில் வெட்டுத் துண்டிலேயே செய்து தருவார்கள். ஸ்பிரிங் வாஷரை நம்பவேண்டாம். ஒருமுறை தட்டையானால் மரம் சுருங்கிய தூரத்தை அது ஈடுகட்டாது. நைலான் வளையம் உள்ள நைலாக் நட் உருண்டு கழலாது, ஆனால் மரம் இளைத்த இடைவெளியை அதுவும் நிரப்பாது. வருஷாந்திர முறுக்குக்குக் குறுக்குவழி இல்லை.

எல்லா நட்டும் இறுக்கமாக இருந்தும் தட்டுகிறது என்றால் சட்டத்தின் மேல்முகத்தைப் பார்க்கவும். சட்டம் நேராக நிற்கிறது, பேனல் 13 பாகை சாய்ந்திருக்கிறது. மேல்முகத்தைச் சீவாமல் விட்டால், 3 அங்குல அகலச் சட்டத்தின் ஒரு விளிம்பில் மட்டும் பேனல் உட்கார்ந்து, மறு விளிம்பில் முக்கால் அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட இடைவெளி இருக்கும். கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் பேனல் அந்த விளிம்பில் ஊஞ்சலாடும், அலுமினியம் அந்த இடத்தில் நசுங்கிப் பளபளவென்று தெரியும். ஆசாரியிடம் சொல்லி, ஒரு பக்கம் ¾ அங்குலத்திலிருந்து மறுபக்கம் ஒன்றுமில்லாமல் சரியும் சாய்வு ரீப்பரை அறுத்து வைத்தால் தீர்ந்தது.

கிளாம்ப்புகளை எண்ணிப் பார்க்கவும்: சட்டத்துக்கு நடுக்கிளாம்ப் 3, ஓரக்கிளாம்ப் 2. இரண்டு சட்டத்துக்கும் 10. மரத்தில் நேராக முறுக்கும் தடித்த கோச் ஸ்க்ரூ போட்டுப் பிடித்திருந்தால் நனைந்து காய்ந்து நாளடைவில் மரை தேயும். எம்8 ஜி.ஐ. திரெட் ராடை 6½ அங்குலத்துக்கு வெட்டி, சட்டத்தை ஊடுருவ விட்டு, அடியில் தகட்டு வாஷரும் நட்டும் போட்டால் தேய்வதற்கு எதுவும் இல்லை.

## பின்கால் மண்ணைவிட்டு எழும்புகிறது

மூன்று பின்கால் தலைக்கும் நூல் கட்டிப் பார்த்தால் ஒன்று மட்டும் அரை அங்குலம், ஓர் அங்குலம் மேலே நிற்கும். இது மண் அமுங்கிய கோளாறு அல்ல, காற்று தூக்கியது. பின்காலே தூக்குவதற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவத்தில் புயல் நமக்குத் தெற்கே கரையேறும்போது இங்கே காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து வரும். தெற்குப் பார்த்த பேனலுக்கு வடக்குப் பக்கம்தான் திறந்த வாய். 2020 நவம்பரில் நிவர் புதுச்சேரிக்கு வடக்கே கரையேறி உள்நாட்டுக்குள் வந்தது அப்படித்தான். புயல் வராத வருஷத்திலும் சித்திரை, வைகாசியில் இடிமழைக்கு முன்னால் புழுதியோடு சுழற்றும் காற்று எந்தத் திசையிலிருந்தும் வரும்.

கணக்கு இது. காற்று வினாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கி.மீ. என்றால் அழுத்தம் சதுர மீட்டருக்கு 0.6 × 40 × 40 = 960 நியூட்டன், சுமார் 98 கிலோ. நான்கு பேனலின் பரப்பு 10.3 சதுர மீட்டர். முழுப் பரப்பும் அந்தத் தூக்கலை வாங்கினால் ஆயிரம் கிலோவை எட்டும். பேனல் எடை 112 கிலோ, மரம் 150 கிலோ பக்கம். மீதியைப் பிடித்து வைப்பது ஆறு குழியின் கான்கிரீட்தான், குழிக்குச் சுமார் 160 கிலோ. ஒரு குழியில் கான்கிரீட்டைக் குறைத்தாலும் கணக்கு இடிக்கும்.

கான்கிரீட்டைவிட்டுக் கால் மட்டும் உருவிக்கொண்டு வந்திருந்தால், மரத்தைப் பிடித்துக்கொள்ள உள்ளே எதுவும் வைக்கவில்லை. வழவழப்பான மரம் சுருங்கியதும் கான்கிரீட் அதை விட்டுவிடும். நடும்போதே காலின் அடியிலிருந்து 6 அங்குலத்திலும் 12 அங்குலத்திலும் 13 மி.மீ. துளை போட்டு, 10 அங்குல நீள 12 மி.மீ. கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகியிருக்கவேண்டும். இப்போது சரிசெய்ய இரண்டு வழி. காலைப் பிடுங்கி, கம்பி செருகி, புதிதாக ஊற்றுவது ஒன்று. மற்றது, 50 × 50 × 5 மி.மீ. ஆங்கிள் துண்டு இரண்டை எதிரெதிர்ப் பக்கத்தில் காலோடு போல்ட் செய்து, கான்கிரீட் மேல்முகத்தில் 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டால் பிடிப்பது. நட்ட மரம் நல்லதாக இருந்தால் மட்டும் இரண்டாவது வழி.

கான்கிரீட்டோடு கிளம்பியிருந்தால் தோண்டி எடுத்து, குழியின் அடியை மேல்வாயைவிட அகலமாக்கித் திரும்ப ஊற்றுவதைத் தவிர வழியில்லை. அப்படியே சுத்தியால் அடித்து இறக்கினால் அடியில் மண் இளகி, அடுத்த காற்றில் இன்னும் சுலபமாக வரும்.

## காலடி இத்துப்போகிறது, செல் (கறையான்) ஏறுகிறது

பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்துக் கால் மண்ணைத் தொடும் கோட்டுக்கு இரண்டு அங்குலம் மேலேயும் கீழேயும் நான்கு பக்கமும் குத்திப் பார்க்கவும். நல்ல மரம் நுனியைத் திருப்பி அனுப்பும். இத்துப்போனது சோற்றுப்பதமாக வாங்கிக்கொள்ளும். ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கிற கோடு அது. ஆழத்தில் காற்று கிடையாது, மேலே ஈரம் நிற்காது. அதனால்தான் அழுகல் அந்த நாலு அங்குலத்தில் மட்டும் உட்காருகிறது. அரை அங்குலத்துக்குள் என்றால் சுரண்டி, காயவைத்து, மரக்காப்பு மருந்து பூசித் தாரடிக்கலாம். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தக் கால் கணக்கில் இல்லை.

மர வகையும் முக்கியம். சவுக்கும் தைலமரமும் மலிவு, ஆனால் மண்ணுக்குள் மருந்தில்லாமல் இரண்டு மூன்று மழைக்காலத்தில் போய்விடும். மேல் சட்டத்துக்கு அவை போதும், காலுக்கு வேண்டாம். பனையில் வெளிப்புறத்துக் கருப்பு நாரோடிய வைரம்தான் உழைக்கும். உள்சோறு கிழவன் பல்லுக்கும் இளகும், செல்லுக்கும் இளகும். ஆகவே முற்றின மரத்தில் அறுத்ததா என்று முனையைப் பார்த்து வாங்கவும். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பாகத்தைக் காலுக்கும், வெளிறிய பாகத்தைப் பட்டைக்கும் ரீப்பருக்கும் ஒதுக்கவும்.

காலில் மண் குழாய் ஏறினால் அதை உதிர்த்துவிடுவது மட்டும் மருந்தாகாது, இரண்டே நாளில் பக்கத்தில் இன்னொன்று கட்டும். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. மருந்தை லிட்டருக்கு 2.1 மி.லி. கலந்து, காலைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்குக் கம்பியால் துளையிட்டு ஊற்றவும். கிணறு, போர், கால்நடைத் தொட்டி பக்கத்தில் இருந்தால் மண்ணில் ஊற்றவேண்டாம். கையுறை கட்டாயம். கழிவு என்ஜின் ஆயில் பூசுவது இங்கே பரவலான பழக்கம். அது மேல்தோலில் தண்ணீர் ஒட்டாமல் கொஞ்ச காலம் தடுக்கும், செல்லை நிறுத்தாது, மண்ணையும் கெடுக்கும். போராக்ஸ் உப்புக் கரைசல் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு நல்லது. வெளியில் மழை அதைக் கழுவி எடுத்துவிடும்.

கான்கிரீட்டின் மேல்முகம் தரையைவிட 3 அங்குலம் உயர்ந்து, நான்கு பக்கமும் சரிந்து இருக்கவேண்டும். அடியில் கால் ஜல்லியின்மேல் நிற்கவேண்டும், கான்கிரீட் கிண்ணத்துக்குள் அல்ல. அறுத்த முனை, போட்ட துளை, சீவிய தலை எல்லாவற்றிலும் மரக்காப்பு மருந்து மூன்று கை. முனைவழியாகத்தான் மரம் தண்ணீரை உறிஞ்சும்.

இத்துப்போன காலை மாற்ற நம்ம ஊரில் ஒரு நல்ல வசதி இருக்கிறது: வேலிக்கு நடும் கருங்கல் கால். செல்லும் அரிக்காது, அழுகாது. ஐந்தடிக் கல்லை 3 அடி புதைத்து 2 அடி மேலே விட்டு, தரைக்கு மேல் 6 அங்குலத்தில் அறுத்த மரக்காலை அதோடு ஒட்டி நிறுத்தி, 14 மி.மீ. துளையில் எம்12 போல்ட் இரண்டு. கல்லில் துளை போட ரோட்டரி ஹேமர் டிரில் வேண்டும், வாடகைக்குக் கிடைக்கும். கல்லின் விளிம்புக்கு 2 அங்குலத்துக்குள் துளை போட்டால் சில்லு தெறித்துவிடும். மாற்றும்போது பக்கத்துச் சட்டத்துக்கு ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தவும், ஒரு நேரத்தில் ஒரு கால் மட்டும். புதிதாகப் போடுகிறவர்கள் ஆரம்பத்திலேயே இப்படிச் செய்வது புத்திசாலித்தனம், கல்லுக்கு ஆகும் காசு இரண்டாம் வருஷத்திலேயே மிச்சம்.

## சட்டம் முறுக்கிக்கொண்டது, பேனல் மூலை தூக்குகிறது

தைலமரத்துக்கு இது பிறவிக் குணம். மூலை தூக்கின பேனலைக் கிளாம்ப்பால் அழுத்தி உட்காரவைக்கக் கூடாது. கண்ணாடி அப்போது உடையாது, உள்ளே மின்சாரம் தரும் செல்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அது பிறகு யூனிட் குறைவாக வரும். கிளாம்ப்பைத் தளர்த்தி, தூக்கின மூலைக்கடியில் ரப்பர் அல்லது கெட்டி பிளாஸ்டிக் துண்டு வைத்துச் சமன் செய்யவும். ஒரு பேனல் அகலத்துக்குள் அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கியிருந்தால் சட்டத்தையே மாற்றவும்.

நடுவில் தொய்வு என்றால் வேறு காரணம். 4 அங்குலப் பக்கத்தைப் படுக்க வைத்திருப்பார்கள். 4 × 3 சட்டம் நிமிர்ந்து நின்றால் படுத்திருப்பதைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு விறைப்பு. அதே மரம்தான், திருப்பி வைத்தால் போதும்.

கிளாம்ப் இடமும் பார்க்கவும். பேனலின் முனையிலிருந்து நீளத்தில் ஐந்தில் ஒன்று முதல் நாலில் ஒன்றுக்குள் பிடிக்கவேண்டும். இந்தச் சட்டத்தில் அது சுமார் 51 செ.மீ. பேனலோடு வரும் கையேட்டில் படம் இருக்கும். அதை மீறிப் பிடித்தால் வாரண்டி பேச முடியாது.

## போல்ட்டைச் சுற்றிக் கருப்பு, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி

வேல மரத்தில் போல்ட்டைச் சுற்றி மை சிந்தியதுபோல் கறை வந்தால், மரத்தின் துவர்ப்புச் சாறு இரும்பைத் தின்கிறது. வேலம்பட்டையும் ஆவாரம்பட்டையும் போட்டுத் தோல் பதனிட்ட ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இந்தக் கறை புதிதல்ல. சாதாரண இரும்பு போல்ட்டை எடுத்துவிட்டு, ஹாட் டிப் முலாம் பூசியதோ ஸ்டெயின்லெஸ்ஸோ போடவும்.

வெள்ளைப் பொடி, செம்பு கலந்த மருந்து ஏற்றிய பச்சை நிற மரத்தில் அலுமினியம் நேரடியாகப் படும்போது வரும். இடையே 3 மி.மீ. ரப்பர். பழைய லாரி டியூபை வெட்டி வைத்தால் கொஞ்ச வருஷம் வரும், கடை ஈபிடிஎம் ரப்பர் நீண்டு வரும்.

## யூனிட் குறைகிறது

540 வாட் நான்குக்கு, நல்ல வெயில் நாளில் 8 முதல் 10 யூனிட். மே மாதத்தில் ‘இவ்வளவு வெயில், யூனிட் மட்டும் ஏறவில்லை’ என்றால் அது கோளாறே அல்ல. செல்லின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் 0.35 சதவீதம் விழும். 65 டிகிரியில் 14 சதவீதம் போய்விடும். பேனலுக்கடியில் வைக்கோல், விறகு, பழைய சாக்கு அடுக்கியிருந்தால் எடுத்துவிடவும், காற்று உள்ளே போகட்டும்.

கீழ் விளிம்பில் மட்டும் அழுக்குப் பட்டை இருந்தால் அது தரைச் சட்டத்துக்கே உரிய வியாதி. மழைத்துளி செம்மண்ணைத் தெறிக்கவிடும். நெடுக்கு வாட்டில் வைத்த பேனலில் கீழ்வரிசை செல் மூடினால் பேனலின் மூன்று மின்பகுதியும் சேர்ந்து அடிபடும். அரைச் செல் பேனல் என்றால் மேல்பாதி தப்பிக்கும். கீழ் விளிம்புக்கு நேர்கீழே இரண்டடி அகலத்துக்கு 40 மி.மீ. ஜல்லி பரப்பினால் தெறிப்பு நிற்கும். கழுவுவது விடியற்காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவியதும் துணியால் இழுத்துவிடவேண்டும், காய்ந்தால் வெள்ளைத் திட்டு பிடித்துக்கொள்ளும்.

மார்கழியில் மட்டும் குறைவு என்றால் தெற்குப் பக்க நிழல். டிசம்பர் கடைசியில் காலை 9 மணிக்குச் சூரியன் சுமார் 30 பாகை உயரத்தில்தான் இருக்கும், நிழல் பொருளின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு நீளும். ஆனி மாதத்தில் மட்டும் காலை, மாலை குறைவு என்றால் வடகிழக்கு, வடமேற்குத் தென்னையைப் பார்க்கவும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை சூரியன் உச்சிவேளையில்கூட நமக்கு வடக்கே நிற்கிறது. இதை மறந்துவிட்டு வடக்குப் பக்கம் எதுவும் மறைக்காது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நிழலும் அழுக்கும் இல்லையென்றால் ஒவ்வொரு பேனலையும் தனியாக மல்டிமீட்டரில் பார்க்கவும். திறந்த நிலையில் உச்சி வெயிலில் 44 வோல்ட் பக்கம் காட்டவேண்டும். ஒன்று மட்டும் 30 வோல்ட் காட்டினால் அதன் ஒரு பைபாஸ் டையோடு (நிழல் பட்ட பகுதியைத் தாண்டி மின்சாரத்தை விடும் சிறு பாகம்) போய்விட்டது.

## மழை நாள் காலையில் இன்வெர்ட்டர் எரர், சட்டகத்தைத் தொட்டால் சுருக்

இன்சுலேஷன் குறைவு என்ற எரர் காலையில் வந்து வெயில் ஏறியதும் தானாகப் போனால், எங்கோ கேபிளோ கனெக்டரோ நனைகிறது. எம்சி4 தரையில் கிடக்கிறதா, எலியோ அணிலோ உறையைக் கடித்திருக்கிறதா பாருங்கள். கேபிளைச் சட்டத்தின் அடிப்பக்கம் கட்டி, தரைக்கு இறங்கும் இடத்தில் குழாய்க்குள் விட்டு, குழாய் வாயை அடைக்கவும். கனெக்டருக்கு முன்னால் கேபிள் சற்றே தொங்கி ஏறவேண்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மின்தாக்கம் உணர்ந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்தவும். இரும்புச் சட்டத்தில் பேனல்கள் சட்டம் வழியாகவாவது ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கும். மரம் மின்சாரம் கடத்தாது, அதனால் ஒவ்வொரு பேனல் சட்டகமும் அநாதையாக நிற்கும். 6 சதுர மி.மீ. செம்பு ஒயரை, எர்த் குறி போட்ட துளையில் டின் பூசிய லக், ஸ்டார் வாஷர், ஸ்டெயின்லெஸ் போல்ட்டோடு ஒவ்வொரு பேனலுக்கும் கட்டி, அறுபடாமல் எர்த் குழிக்குக் கொண்டுபோகவும். சட்டகத்துக்கும் குழிக்கும் இடையே மீட்டர் 1 ஓமுக்குள் காட்டவேண்டும். சரளை மண்ணில் கோடையில் குழி காய்ந்து எர்த் கெடும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவும். இடிதாங்கி வைப்பதானால் அதற்குக் குழி தனி.

## ஆடு, மாடு

இரண்டரை அடி உயரம் வெள்ளாட்டுக்கு ஒரு தாவல். கண்ணாடியில் குளம்புத் தடம் தெரிந்தால் முன்பக்கம் நான்கடி தள்ளி முள்வேலி போடுவதுதான் வழி. மாடு ஏறாது, ஆனால் ஓரக்காலில் முதுகு உரசும். ஆட்டத்துக்கு வேறு காரணமே கிடைக்கவில்லை என்றால் ஓரக்காலில் மயிர் ஒட்டியிருக்கிறதா பாருங்கள்.

## சரிசெய்யாமல் பிரிக்கவேண்டியது எப்போது

ஆறில் இரண்டு கால் ஒரே நேரத்தில் இத்துப்போயிருந்தாலும், மேல் சட்டத்தில் நடுக்காலுக்குப் பக்கத்தில் குறுக்கு வெடிப்பு இருந்தாலும், முட்டுக் கொடுத்து நாளைத் தள்ளவேண்டாம். ஐப்பசிக்குள் பேனலை இறக்கி, கண்ணாடி சுவரைத் தொடாமல் நிமிர்த்திச் சாய்த்து, முனைகளில் பலகைத் துண்டு கொடுத்து அடுக்கி, கனெக்டர் வாய்களை மூடி போட்டு அடைத்துவிட்டு, தை பிறந்ததும் காய்ந்த மண்ணில் புதிதாக நடவும்.